நான் பார்த்தால் ராக்கெட் போகாது

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். நிகழ்தகவுப் பாடம் வரும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுண்டிக் காட்டி, "இதுக்கு ஞாபகசக்தி கிடையாது. போன தடவை தலை விழுந்தது இதுக்குத் தெரியாது" என்று சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏதோ நானே கண்டுபிடித்த உண்மை மாதிரி நானும் சிரிப்பேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு நாள் சாயங்காலம் மேடவாக்கத்தில் ஒரு பெரிய கடையின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில், சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நேரம் அது. நான் பார்த்தால் அது உருப்படாது என்பது என் முடிவு.

இந்த முடிவுக்கு நான் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் தடவை ஆசிரியர் அறை டிவியில் பார்த்தேன். கவுண்ட்டவுன் கடைசி நிமிடங்களில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது தடவை தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று போனில் பார்த்தேன். மறுபடியும் நிறுத்தம். மூன்றாவது தடவை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கண்ணாலேயே பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி, மேகத்துக்குள் போனது. தனியாக நின்று கைதட்டினேன். கீழே இறங்கி வந்து டிவியைப் போட்டால், செயற்கைக்கோள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நான் பார்க்காமல் விட்ட ராக்கெட்டுகளும் உண்டு. ஒன்று போனபோது பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன், ஒன்றின்போது கல்யாணப் பந்தியில், இன்னொன்றின்போது பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தபடி. அவை எல்லாம் ஜம்மென்று போய்ச் சேர்ந்தன. மூன்றே மூன்று தடவையை வைத்து ஒரு மாணவன் இப்படி முடிவு கட்டியிருந்தால், அவன் நோட்டில் சிவப்பு மையால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டிருப்பேன். என் நோட்டைத் திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

யாரிடமும் சொல்லவும் முடியாது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். எதிர்வீட்டு சார் எமகண்டம் முடியட்டும் என்று ஸ்கூட்டர் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வருடக்கணக்காகக் கிண்டல் செய்தவன் நான். பாஸ்டரிடம் சொன்னால் எனக்காக உபவாச ஜெபம் வைத்துவிடுவார். ஆசிரியர் அறையில் சொன்னால் ரிடையர் ஆகும்வரை ஓட்டுவார்கள். அதனால் இந்தக் கிறுக்கைப் பத்திரமாக எனக்குள்ளேயே வைத்திருந்தேன். என் மனைவிக்கு மட்டும் அந்த வேலை கிடைக்காமல் இருந்திருந்தால் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

இரும்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்னத் தொழிற்கூடம் இருக்கிறது. ராக்கெட்டுக்குள்ளே ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி விண்வெளி நிறுவனத்துக்கு அனுப்புகிற இடம். அவளுக்கு அங்கே கட்டுகிற வேலை. மெல்லிய வயர்களைச் சேர்த்துப் பிடித்து, மெழுகு தடவிய நூலால், சொன்ன இடைவெளியில் சொன்ன முடிச்சைப் போட வேண்டும். வளையல் போடக்கூடாது. கையில் கிரீம் தடவக்கூடாது. உடம்பிலிருக்கும் மின்சாரம் வயருக்குப் போய்விடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டித் தரையோடு இணைத்துவிடுவார்கள். அவள் போட்ட ஒவ்வொரு முடிச்சையும் இன்னொருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கத்தரி வைத்துவிடுவார்.

ஆரம்பத்தில் தினமும் முகம் வாடித்தான் வருவாள். "இன்னிக்கும் வெட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். பிறகு முறுக்குப் பாக்கெட், கீரைக்கட்டு, பழைய பேப்பர் என்று வீட்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அந்த முடிச்சால் கட்டிப் பழகினாள். முறுக்கு தின்ன எனக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. அந்த வருடக் கடைசியில் வெட்டு விழுவது நின்றுவிட்டது.

ஒரு நாள் இட்லி வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அடுத்து போற ராக்கெட்ல நான் கட்டினது இருக்குங்க."

"நிஜமாவா?"

"ஆமா. அரை நாள் லீவு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் மாடில நின்னு பாக்கலாம். எந்தப் பக்கம் பாக்கணும்னு எனக்குத் தெரியாது, நீங்கதான் காட்டணும்."

"அதுக்கென்ன, காட்டுறேன்" என்றேன். ஒரு வருடமாக வெட்டு வாங்கி வாங்கிக் கட்டியதை நான் ஒரு பார்வையில் கவிழ்த்துவிட்டால்? அவள் மேல் இருக்கும் அன்பால்தான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தால் சொன்னேன் என்பதுதான் சரி.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் ஹெல்மெட்டை எடுத்தேன். "மேடவாக்கத்துல ஒரு பொண்ணுக்கு ட்யூஷன். நாளைக்கு அதுக்குப் பரீட்சையாம்."

"இன்னிக்கேவா?"

"சீக்கிரம் வந்துடுறேன்."

ஸ்கூட்டரைத் திருப்பும்போது தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

மேடவாக்கம் ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்து, வானம் தெரியாத இடமாகத் தேடி, அந்தப் பார்க்கிங்குக்குள் இறங்கினேன். அங்கேயும் ஒரு வாட்ச்மேன் இருந்தார். கையில் போன் வைத்திருந்தார்.

"இன்னா சார், மேல போய்ப் பாக்கலியா? ராக்கெட் வுட்றாங்கோ."

"இல்லண்ணா, நான் பாக்கல."

"மேல போவாட்டி இன்னா, இங்கியே பாரு. லைவு வந்துகினு கீது" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். மனுஷன் பதறிப்போனார்.

"சார், இன்னாச்சு? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லண்ணா. நீங்க பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தி ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "வேண்டுதலா சார்?"

"ஆமா" என்றேன். பாஸ்டர் இதைக் கேட்க வேண்டுமே!

அதற்குப் பிறகு அவர் எனக்கு நேர்முக வர்ணனையே கொடுத்தார். "தூக்கிகினு போவுது சார்... ஒண்ணு கயண்டு வுயுந்துச்சு. பயப்படாத, அது வுயணுமாம்..." நெற்றியைச் சுவரில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். காரை எடுக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் போனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. "போய்ச் சேந்துட்ச்சு சார். இனிமே கண்ணத் தொற" என்று தோளில் தட்டினார்.

அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். ஹெல்மெட்டுக்குள் பாட்டு வேறு. அந்த ராக்கெட்டை அனுப்பியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று வெட்கமே இல்லாமல் நினைத்துக்கொண்டேன்.

அவள் இன்னும் மாடியில்தான் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது.

"போய்ச் சேந்துடுச்சு!" என்று பெட்டியை நீட்டினேன்.

"தெரியும். கீழ போய் போன்ல பாத்தேன். கம்பெனி குரூப்ல போட்டிருந்தாங்க."

எனக்கு வாய் நிற்கவில்லை. முதல் தடவை டிவியில் பார்த்ததிலிருந்து வாட்ச்மேன் தோளில் தட்டியது வரை, ட்யூஷன் பொய் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ அது மேல போனது நீங்க சுவரப் பாத்து நின்னதாலதான். நான் கட்டினதால இல்ல. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லல..."

"முன்னாடி ரெண்டு தடவ நிறுத்தினாங்களே, அது உங்க கண்ணுபட்டா? யாரோ ஒருத்தர் ஏதோ சரியில்லன்னு பாத்து நிறுத்தியிருக்காங்க. என் முடிச்ச வெட்டினாங்களே, அந்த மாதிரி. அதுவும் வேலதாங்க."

இருபது வருடமாக நாணயம் சுண்டியவனுக்கு இது தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. பேச்சை மாற்றலாம் என்று, "சரி, மாடிலேருந்து நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரியல."

"மேகமா?"

"இல்ல. ஸ்ரீஹரிகோட்டா கடலோரம்தானே, கடல் இந்தப் பக்கம்தானேன்னு, இந்தப் பக்கமே பாத்துகிட்டு நின்னேன். உங்ககூட கண்ணால பாக்கணும்னு போனக்கூட கீழ வெச்சிட்டு வந்தேன்."

கையைக் கிழக்கே நீட்டிக் காட்டினாள். ராக்கெட் போனது வடக்கே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். எங்கள் மாடியில் கிழக்கே பார்த்து நின்றால், அந்தத் திசையில் இருப்பது மேடவாக்கம். அவள் ஒரு வருடம் கட்டிய முடிச்சுகள் வானத்தில் ஏறிய நேரம் முழுக்க, அவள் நான் ஒளிந்துகொண்டிருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மைசூர்பாக்கை இரண்டு பேருமே தொடவில்லை.

சில மாதம் கழித்து இன்னொரு ராக்கெட் வந்தது. அதிலும் அவள் கட்டியது இருந்தது. இந்தத் தடவை நாற்காலி இரண்டையும் நானே தூக்கிப் போய் வடக்கே பார்த்துப் போட்டேன். தொட்டிக்கும் பக்கத்துத் தென்னைமரத்துக்கும் நடுவே விரலை நீட்டி, "அங்க பாரு, கண்ண எடுக்காத" என்றேன். அவள் மடியிலிருந்த போனில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. கடைசி நிமிடங்களில் நின்றுவிட்டன.

படிக்கட்டுப் பக்கம் போகப் பாதி எழுந்துவிட்டேன். பார்வையை வடக்கிலிருந்து எடுக்காமலேயே அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. சரி பண்ணிட்டு விடுவாங்க."

உட்கார்ந்தேன்.