அவள் குரலுக்கு ஒரு சவுண்டு கார்டு

என் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, பிரான்சில் இருக்கும் எங்கள் மகள் போனில் வெகு நேரம் அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா பேசறத ரெகார்ட் பண்ணி வைங்கப்பா. போன்ல வேணாம். கம்ப்யூட்டர்ல நல்லா பண்ணுங்க."

நெல்லித்தோப்பு வீட்டு ஹாலில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. என் மனைவி மாதா கோயில் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடிவந்தவள். பாட்டுப் பழக வீட்டிலேயே பதிவு செய்துகொள்வதற்காக ஒரு மைக் வாங்கி வைத்திருந்தோம். ஆனால் எதைப் பதிந்தாலும் அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். மவுஸை நகர்த்தினால் அதுவும் கிர்ரென்று சேர்ந்துகொள்ளும். பாட்டு பழகத்தானே என்று அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தோம்.

உப்பளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். "போர்டுலயே வர்ற சவுண்டு அப்டித்தான் சார் இரையும். தனியா ஒரு சவுண்டு கார்டு போட்டுக்குங்க, சரியாயிடும்" என்றார் கடைக்காரர். ஆளை அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த ஒரு வேலையையாவது அவளுக்காக என் கையால் செய்ய வேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கேபினெட்டைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்துத் திறந்தேன். அவள் போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினாள்.

"ஏங்க, எவ்ளோ தூசி. வீட்டத்தான் நான் தெனம் பெருக்கறேன். இத யாரு பெருக்கறதாம்?"

கரகரத்த குரலில் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து இருவரும் இப்படித்தான் இருந்தோம். எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு.

பின்பக்கத் தகடு ஒன்றைக் கழற்றி, கார்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. "நல்லா அமுக்குங்க, ஒன்னும் ஆவாது" என்றாள். க்ளிக்கென்று உட்கார்ந்தது. மூடி, திருகி, டிரைவர் மென்பொருளைப் போட்டு, மைக்கைப் புது கார்டில் சொருகினேன். மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தினோம். அவள் கன்னியர் பள்ளியில் படித்தவள். மைக்கைச் சரிபார்க்க எப்போதும் அங்கே கற்ற பிரெஞ்சு எண்ணிக்கையைத்தான் சொல்வாள். "ஆன், தெ, த்ருவா."

போட்டுக் கேட்டோம். இரைச்சல் சுத்தமாக இல்லை. குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. அதில் இருந்த பிளவு, காற்று வெளியேறும் ஓசை, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் விழுந்த தேய்வு எல்லாமும் வந்தன.

அவள் அதை இன்னொரு முறை போட்டாள். பிறகு, "இவ்ளோ நாளா கம்ப்யூட்டர்தான் இரையுதுன்னு இருந்தேன். பாதி என் தொண்டதானா" என்றாள்.

"மைக்குக்கு ரொம்பக் கிட்ட வந்துட்ட. அதான்."

அவள் ஒரு மாதா பாட்டுப் பாடுவதாக இருந்தாள். அதை விட்டுவிட்டாள். "பேசறேன். அது போதும்" என்று, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

மகளிடம் பேசுவதுபோலவே பேசினாள். "பாப்பா, சாப்ட்டியா? குளுருல காதுக்குக் கட்டிக்காம வெளிய போவாத. அம்மா பேசலன்னு கோவம்னு நெனச்சுக்காத. போன் வந்தா நான் கேட்டுட்டுத்தான் இருப்பேன். நீ பேசு. நீ நிறுத்தாம பேசணும்."

தோள் துண்டை எடுத்து வாய்மேல் அழுத்திக்கொண்டேன். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

முடித்துவிட்டு அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். "நீ பேசு" என்ற இடம் வந்தது. அதற்கடியில் வேறொன்றும் வந்தது. அடைத்து அடைத்து, துண்டுக்குள்ளிருந்து, ஓர் ஆண் விம்மும் சத்தம். புது கார்டு அதையும் விடவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"சளி."

"இவ்ளோ நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே, இந்த மனுசனுக்கு ஒன்னுமே இல்லபோலன்னு நெனச்சிட்டேங்க" என்றாள். "சரி, அதுவும் நல்லதுதான், நான் இல்லாட்டியும் இருந்துப்பாருன்னு."

அதற்குப் பிறகு எங்களால் சிரிக்க முடியவில்லை. ஜன்னல் சாத்திய அந்த வெக்கையில், அவள் மடியில் தலை வைத்து நான் அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதாள். எழுந்ததும், "அந்த எடத்த வெட்டிட்டு அனுப்பறேன்" என்றேன்.

"வேணாம். அப்டியே அனுப்புங்க. அவளுக்கும் தெரியட்டும்."

அறுவை நடந்தது. குரல் போனது. அதன்பின் கைதட்டித்தான் என்னைக் கூப்பிடுவாள். சில சமயம் உதடுகள் மட்டும் அசையும், நான் படித்துக்கொள்வேன். மகள் தினமும் போனில் பேசினாள். என் மனைவி போனைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக் கேட்டாள். புற்றுநோய் நுரையீரலுக்கு இறங்கியபோது அடுத்த ஆண்டின் தவக்காலம் தொடங்கியிருந்தது. அந்த நாற்பது நாள் முடிந்து வரும் உயிர்ப்புத் திருநாள்வரை அவள் இருக்கவில்லை. அடக்கப் பூசையில் பாடகர் குழுவால் ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாட முடியவில்லை.

மகள் வந்திருந்து, போய்விட்டாள். வேலைக்குப் போகும் ரயிலில் அந்தப் பதிவைக் கேட்கிறாளாம். சென்ற வாரம் பேசும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா போனப்புறம் நீங்க அதக் கேட்டீங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"சரிப்பா" என்றாள். வற்புறுத்தவில்லை. அங்கே குளிர் விட்டுவிட்டதா என்று நான் கேட்டேன்.