இருப்பில் மூன்று பிரெட்

என் அக்கா புருஷன் ஓர் ஆணித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஆணி ஊசிப்போகாது, காய்ந்தும் போகாது. யார் காவல் இருந்தாலும் வைத்தது வைத்தபடியேதான் கிடக்கும். அதைக் காத்ததற்கே மனுஷனுக்கு அத்தனை மிதப்பு. நாலு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். காக்க ஒன்றும் இல்லாமல் கை அரித்ததோ என்னவோ, பிரெட் டின்னைப் பிடித்துக்கொண்டார்.

பழைய தகர டின். அதற்கு ஒரு கொண்டி, அதில் ஒரு பூட்டு. சாவி அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் பேக்கரியில் அடுப்பு வேலை செய்கிறவன். தினமும் காலையில் வேலை முடிந்து போகிற வழியில் அக்கா வீட்டில் ஒரு பிரெட் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் அதை வாங்கி, தேதிச் சீட்டு ஒட்டி, டின்னின் அடியில் வைப்பார். மூன்று நாளைக்கு முன் வந்ததை எடுத்து அக்காவிடம் கொடுப்பார். முதலில் வந்ததுதான் முதலில் வெளியே போக வேண்டுமாம். இருப்பு மூன்றுக்குக் கீழே இறங்கக் கூடாதாம்.

"மாமா, ஒரே ஒரு நாள் இந்த மூணையும் தள்ளிடுங்க. அப்புறம் ஆயுசுக்கும் புதுசா சாப்பிடலாம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப இருப்பு?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அக்காவுக்குப் பல் நாலு பிடுங்கினார்கள். ஒரு வாரம் மெத்தென்றதுதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுநாள் நான் பால் ஊற்றிப் பிசைந்து, அவளுக்கென்றே ஒரு பிரெட் சுட்டு, ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"மாமா, இது அக்காவுக்கு. இப்பவே குடுங்க. சூடா வேற இருக்கு, மூடி வச்சா வேர்த்துடும்."

"திறந்து வச்சா எறும்பு வரும். வரிசைப்படி வரட்டும்."

தேதி ஒட்டினார். டின்னில் போட்டுப் பூட்டினார். மூன்று நாள் பழசை எடுத்து, "டீயில நனைச்சுக்கோ" என்று அக்காவிடம் நீட்டினார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதன் ஓரத்தைக் கடித்தாள். கடிக்க முடியாமல் கீழே வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்தான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் டீயை மட்டும் குடித்துக்கொண்டு பால் பிரெட்டின் முறைக்காகக் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் நான் அன்றைய பிரெட்டோடு போனபோது அவர் டின்னைத் திறந்துகொண்டிருந்தார். பால் பிரெட் வெளியே வந்தது. பக்கமெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூஞ்சை.

"உன் சரக்கே மட்டம்" என்றார் என்னைப் பார்த்து. கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டாமா?

அக்கா என் பையிலிருந்த பிரெட்டை எடுத்துக்கொண்டாள்.

"கொண்டா, தேதி போடணும்" என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி.

"என் நெத்தியில ஒட்டிக்கங்க. இனிமே வர்றது நேரா என் கைக்கு வரும். இருப்புல இருக்கற மூணையும் வரிசைப்படி நீங்களே முடிங்க."

சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, பிரெட்டைப் பிட்டு, நடுவிலிருந்து மெத்தென்ற பகுதியை வாயில் போட்டுக்கொண்டாள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜையில் உட்கார்ந்து, கத்தியால் பூஞ்சையை மட்டும் சீவிவிட்டு, மிச்சத்தைத் தின்றார். பெண்டாட்டி மூன்று நாள் பட்டினி கிடந்ததில் போகாத உயிர், வரிசை தவறினால் போய்விடும் அவருக்கு. இந்த ஜென்மத்தைத் திருத்த யாராலும் ஆகாது.

அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லடா. பிரெட் இப்படித்தான் இருக்கும்கறதே மறந்து போச்சு."