அப்பாவின் அல்சர்

போன செவ்வாய்க்கிழமை என் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. அனுப்பியவர், கடும் நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் ஒரு இளம் டொக்டர். "அண்ணை, என்ரை ஆராய்ச்சிக் கட்டுரை வந்திட்டுது. ஐயா கதைச்சதும் இருக்கு. தான் போன பிறகு உங்களுக்குக் காட்டச் சொன்னவர்" என்று கூடவே ஒரு குறிப்பு.

ஐயா என்றால் என் அப்பா. வல்வெட்டித்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். புற்றுநோயில் போய் நாலு வருடம் ஆகப்போகிறது.

ஆராய்ச்சிக்காக அப்பாவோடு கதைக்க வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளையை அக்காவும் நானும் கேற்றடியிலேயே மறித்தோம். "டொக்டர், அவருக்கு வருத்தத்தின்ரை பேர் தெரியாது. அல்சர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம்." அவர் ரெக்கோடரோடு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார். நாங்கள் வெளியே பயந்துகொண்டு நின்றோம்.

பொய் சொன்னால் அதைக் கட்டிக் காக்கவும் வேண்டுமே... அல்சர்காரருக்கு உறைப்புக் கொடுக்கலாமா? விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கோ என்றுதான் டொக்டர் சொன்னார். நாங்கள் மிளகாயை நிறுத்தினோம்.

யாருக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் தானே அடுப்பு மூட்டி பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிய மனுசனுக்கு. நண்டு, றால், பயித்தங்காய் எல்லாம் அம்மா வெட்டலாம். செத்தல் மிளகாய் அரைப்பது மட்டும் அவர்தான், வேறு ஆளை நம்பமாட்டார். பிலா இலையைக் கோலி ஊற்றித் தந்துவிட்டு, "உறைக்குதோ?" என்பார். மூக்கும் கண்ணும் ஒழுக "ஓம்" என்றால் ஆளுக்குப் பெரிய சந்தோசம். அந்த ஞாயிறுகளுக்கு இப்போதும் ஏங்குகிறேன்.

அந்த மனுசன் கடைசி நாலு மாதமும் வெறுங்கஞ்சியை ஒரு சொல் சொல்லாமல் குடித்தார்.

கட்டுரையில் அப்பாவின் பேர் இல்லை. 'பங்கேற்பாளர் ஒன்பது' என்றிருந்தது. ஆங்கிலத்தில் கிடந்ததை அவருடைய தமிழுக்குத் திருப்பிப் பார்த்தேன்.

"பிள்ளையள் அல்சர் எண்டுதுகள். நானும் ஓம் எண்டிறன். உது என்னெண்டு எனக்குத் தெரியும். உறைப்பாய்ச் சாப்பிட ஆசைதான். கேட்டால் அதுகள் இன்னொரு பொய் தேடவேணும். பொய் சொல்லிப் பழக்கமில்லாததுகள், பாவங்கள்."

அழுதேன். உரும்பிராயில் இருக்கும் அக்காவுக்கும் லிங்கை அனுப்பினேன். அவர் உடனே எனக்குப் போன் எடுத்தார். "ஒருக்கா வாய் திறந்து கேட்டிருக்கலாமேடா அவர்" என்றார்.

"நாங்களும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம், அக்கா."

இந்த மாதிரிக் கட்டுரைகள் பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகங்களுக்குள் பூட்டிக் கிடக்கும். இது மட்டும் ஏன் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது என்று டொக்டரிடம் கேட்டேன். "கதைச்ச ஆக்களின்ரை வீட்டுக்காரர் வாசிக்க ஏலாட்டில், நான் எழுதி என்ன, அண்ணை?" என்றார்.

நோயாளிக்கு மறைப்பதில் தாங்கள் கெட்டிக்காரர் என்ற நினைப்பு எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. உங்கள் வீட்டிலும்தானே? கட்டிலில் கிடப்பவர் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருந்தால்?

அடுத்த மாதம் அப்பாவின் திவசம். இதுவரை மூன்று திவசத்துக்கும் பழக்கதோசத்தில் உறைப்பில்லாமலே சமைத்துப் படைத்துவிட்டோம். இந்த முறை அக்கா இப்போதே செத்தல் மிளகாயை வெயிலில் போட்டிருக்கிறார்.

அப்பாவுக்கு அல்சர் குணமாகிவிட்டது.