இரண்டாவது பாடம்

இந்த ஊரில் 'அரை ஒன்பது' என்றால் எட்டரை. ஒன்பதை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்று கணக்கு. ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்கு வந்து பல வருடம் ஆகியும், 'ஹால்ப் நொய்ன்' என்று காதில் விழுந்ததும் என் மனம் ஒன்பதரைக்குத்தான் போய் நிற்கிறது. ஒன்பதோடு அரையைச் சேர்த்தே பழகியவர்கள் நாம். பல் மருத்துவரிடம் ஒருமுறை, மகளின் மழலையர் பள்ளிக் கூட்டத்தில் ஒருமுறை இப்படி ஏமாந்திருக்கிறேன். அதிலெல்லாம் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்புக்கான ஆலோசகரைப் பார்க்கப் போன அன்றும் அதே தவறைச் செய்தேன். தொலைபேசியில் 'ஹால்ப் நொய்ன்' என்றார்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ்களை ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துக்கொண்டு, ஒன்பது இருபதுக்கே போய், முன்னதாக வந்துவிட்ட பெருமையோடு கதவைத் தட்டினேன்.

ஆலோசகர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கான நேரம் முடிந்து கால் மணி நேரமாகிவிட்டது. நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அவருடைய கணவர் ஸ்காட்லாந்துக்காரராம், அவர்கள் ஆங்கிலத்திலும் 'ஹாஃப் நைன்' என்றால் ஒன்பதரைதானாம். கல்யாணமான புதிதில் அவரும் இப்படித்தான் எல்லா இடத்துக்கும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போவாராம். அடுத்தவர் வரும்வரை பத்து நிமிடம் இருக்கிறது, உட்காருங்கள் என்றார்.

என்ன பாடம் என்று கேட்டார். கணிதம் என்றேன். "உண்ட்?" என்றார். அதாவது, அப்புறம்? பி.எட். முடித்திருக்கிறேன் என்றேன். மறுபடியும் "உண்ட்?" செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். "உண்ட்?" நான் செய்த எதுவும் இந்த அம்மாளுக்குப் போதவில்லை என்று நினைத்தேன். எனக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக விளக்கினார். இங்கே பள்ளி ஆசிரியர் என்றால் இரண்டு பாடம் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கேட்டது என் இரண்டாவது பாடம். அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தொழிற்கல்லூரியில் படித்து மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்வது. எனக்கு இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டாவது பாடத்தை அடியிலிருந்து படித்து, பிறகு பள்ளியில் பயிற்சி முடித்து, முழு ஆசிரியராவது. மொழித் தேர்வையும் சேர்த்தால் ஐந்து வருடம். முப்பதை நெருங்கும் வயதில், முதலாண்டுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும். முடிவெடுக்கப் பத்து நாள்தான் இருந்தது.

இப்படிச் சின்ன வழிக்கும் பெரிய வழிக்கும் நடுவில் நான் நின்றது அது முதல் தடவையல்ல. மேல்மலையனூர் சாலையில் இருக்கும் எங்கள் காலனியில் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த முதல் பெண் நான். என் நைனா நெல் ஏலம் நடக்கும் செஞ்சி கமிட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். டீச்சராக வேண்டும் என்ற என் ஆசையில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் இரண்டு வருட டிப்ளமோ போதும், அஞ்சாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தாலும் டீச்சர்தானே என்றார்கள் உறவுக்காரர்கள். பி.எஸ்சி., பி.எட். என்றால் ஐந்து வருடம், அதற்குள் பெண்ணுக்கு வயது ஏறிவிடும் என்றார்கள். வேலை முடிந்து, தோளில் நெல்தூசியோடு வந்து உட்கார்ந்த நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உனக்கு எந்தப் பசங்களுக்குச் சொல்லித்தர இஷ்டம்?"

"பெரிய பசங்களுக்கு, நைனா."

"அப்ப அத்தப் படி. வருசம் அதும்பாட்டுக்குப் போவும்."

அடுத்த திங்கட்கிழமையே திண்டிவனம் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க என்னோடு பஸ்ஸில் வந்தார்.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் நைனா விடவில்லை. ஆசிரியர் பணிக்கான அறிவிப்பு பேப்பரில் வரும்போதெல்லாம், போனில் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவார். "இந்த வாட்டி நெறைய எடம் போட்டுருக்கான்மா" என்பார். நான் என்றாவது திரும்பி வந்து நம்மூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்வேன் என்ற நினைப்பு அவருக்கு. எனக்கும் அது இருந்தது. அதனால்தான் இந்தச் செய்தியைச் சொல்ல நான்கு நாள் தள்ளிப்போட்டேன். சின்ன வழியைப் பிடி, சீக்கிரம் முடித்துவிட்டு வா என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

சொன்னேன். எத்தனை வருடம் என்று கேட்டார். அஞ்சு என்றேன். இதைப் படித்தால் வேலை அங்கேதானே என்றார். ஆமாம் என்றேன்.

"நீ ஊட்டுல சும்மா இருக்கறேன்னு சொல்றியே, அதான் எனக்குக் கஷ்டமா இருக்குது. நீ படி" என்றார். பிறகு, "பேப்பர்ல வந்தா இனிமே நான் படிச்சிக் காட்டல" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். மறுநாள் காலை விண்ணப்பத்தைத் திறந்தேன்.

இரண்டாவது பாடமாக எல்லோரும் இயற்பியலைச் சொன்னார்கள். நான் புவியியல் என்று எழுதினேன். பி.எட். படிக்கும்போது பனமலைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு மாணவி, "மிஸ், இந்தக் கல்லயெல்லாம் மல மேல யாரு அடுக்குனது?" என்று கேட்டாள். சோசியல் டீச்சரைக் கேள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தப் பாறைகளுக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அது வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. இங்கே இரண்டாம் பருவத்தில் ஒரு பேராசிரியர் படம் போட்டு விளக்கினார். பூமிக்கடியில் ஒரே பாறையாக இருந்தது விரிசல் விட்டு, மேலிருந்த மண் கரைந்து போக, உருண்டைக் கற்களாக மிஞ்சி நிற்கிறதாம். நைனாவிடம் சொன்னேன். "அப்ப யாரும் அடுக்கல, கரஞ்சி கரஞ்சிதான் இப்டி ஆச்சா" என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த வாரம் பேசும்போது, கமிட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

இப்போது படிப்பில் பாதியைத் தாண்டிவிட்டேன். மொழித் தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினேன். சென்ற மாதம் முதல் இங்குள்ள ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியை. வரைபடம் பற்றிய பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொருவரும் வரைய வேண்டும். மாதிரிக்கு ஒன்று நான் கரும்பலகையில் வரைந்தேன். யோசிக்காமல் கை போன போக்கில் வரைந்துவிட்டு, விலகி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் காலனி, ஏரிக்கரை, சாலைக்கு இரண்டு பக்கமும் மலை, கோட்டைச் சுவர், கடைசியில் பள்ளி என்று ஒரு கட்டம். முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். பிரேமனில் ஒரு மேடுகூடக் கிடையாது.

தினமும் இந்த மலையைத் தாண்டியா வருகிறீர்கள் என்று கேட்டாள்.

இல்லை, டிராமில் வருகிறேன் என்றேன். அப்படியென்றால் அதைக் காணோமே என்றாள். அழிப்பானை எடுத்தேன், மனம் வரவில்லை. பலகையின் மறுபக்கத்திலிருந்து ஒரு டிராம் பாதையை இழுத்து அதே கட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். இரண்டில் எது சரி என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். இரண்டுமே பள்ளிக்குத்தான் வருகிறது என்றேன். அவர்கள் குனிந்து தங்கள் வழிகளை வரையத் தொடங்கினார்கள்.