நாலு பாக்கும் என் அத்தானும்

ஐந்து பேர் முன்னுக்கு, மூன்று பேர் நடுவுக்கு, இரண்டு பேர் பின்னுக்கு. எங்கள் ஊரில் உதைபந்து என்றால் அதுதான் முறை. அதை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றிய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அறுபதுகளின் பின்பாதி. நான் ஊர்க் கழகத்தின் கப்டன். இறுதிப்போட்டிக்கு ஒரு கிழமை இருந்தது. எதிரில் வரப்போவது காங்கேசன்துறைப் பக்கத்து அணி. அவர்களிடம் ஒரு நெட்டையன் இருந்தான். பந்து உயர்ந்து வந்தால் தலையால் முட்டி உள்ளே போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவான். பின்னுக்கு நிற்கிற எங்கள் பாக் இரண்டு பேரும் அவன் தோளுக்குக்கூட வரமாட்டார்கள். வெளிநாட்டு அணியொன்று நாலு பேரைப் பின்னுக்கு விட்டு ஆடி வென்றதாக வாசிகசாலையில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். நடுவிலிருந்து ஒருவன், முன்னிலிருந்து ஒருவன் பின்னுக்கு வந்தால் கணக்குச் சரி. நடுவிலிருந்து வரவேண்டியவன் சொன்னால் கேட்கிற பிள்ளை. முன்னிலிருந்து வரவேண்டியவர்தான் பிரச்சினை. நெட்டையனோடு சரிக்குச் சரி எழும்பக்கூடிய ஒரே ஆள், முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிக்கிற எங்கள் சென்டர் ஃபோர்வேட், என் அக்காவின் புருஷன்.

அத்தான் வேறு ஊர்க்காரர். கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தவர். அக்காவுக்குச் சீதனமாக எழுதின வீட்டில்தான் அம்மாவும் நானும் இருந்தோம், அவர் போடுகிற மீனைத்தான் தின்றோம். வந்து நாலு வருஷமாகியும் ஊருக்கு அவர் 'மாப்பிள்ளை'தான். கடலில் எந்தத் தோணியிலும் அவர் பேச்சு எடுபடாது. பந்தில் மட்டும் எடுபட்டது. அவர் காலில் பந்து பட்டால் "அடி மாப்பிள்ளை!" என்று சனம் கத்தும். அந்தச் சத்தம் வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்த மனிசனைப் போய்ப் பின்னுக்கு நில் என்று நான் எப்படிச் சொல்வது?

அம்மாவிடம் மெல்ல வாயைத் திறந்தேன்.

"உனக்குப் பந்து பெரிசோ, அக்காடை குடும்பம் பெரிசோ?" என்றாள். குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடந்தேன். இருந்தால் எழும்பவேண்டும் போல இருந்தது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. கேட்டவன் கேளாதவனோடெல்லாம் எரிந்து விழுந்தேன். பந்தைப் பழையபடி ஆடித் தோற்றுவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் வெல்ல வழி தெரிந்தும் தோற்கிறது எனக்கு ஏலாத காரியம்.

போட்டிக்கு முதல்நாள் காலை அத்தான் மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அவரை மூன்றுதரம் சுற்றியிருப்பேன்.

"என்ன மச்சான், எறும்புப் புத்திலை காலை வைச்சவன் மாதிரி? சொல்ல வந்ததைச் சொல்லன்."

"அத்தான், நாளைக்கு நீங்கள் பின்னுக்கு நிக்கவேணும்."

"பின்னுக்கெண்டால்?"

"பாக். பின்வரிசைக்கு நடுவிலை. அந்த நெட்டையனை மறிக்க வேறை ஆள் இல்லை."

அவர் கை நின்றது. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஓம். நீதானே கப்டன்," என்றார்.

சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை, அது என்னை இன்னும் கொன்றது.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் இருப்பார்கள், எங்கள் ஆட்கள் கோல் அடிக்கிறதைக் கிட்ட நின்று பார்க்க. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவார்கள். எங்கள் கோலடியில் ஆடு, நாய் தவிர வேறு ஒரு சீவனும் இருக்காது; அங்கே நிற்கிறவன் யாரென்று சனத்துக்கு முகம்கூடத் தெரியாது.

அங்கேதான் அத்தான் அன்றைக்கு ஆடினார். அவர் வாழ்க்கையில் அப்படி ஆடியிருக்கமாட்டார். நெட்டையன் எழும்பினால் இவர் அவனுக்கு முன்னமே மேலே நின்றார். ஒருதரம் இரண்டு பேரின் மண்டையும் மோதி இவருக்குப் புருவம் வெடித்தது. சாரத்துண்டொன்றைக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரும்ப வந்து நின்றார். நெட்டையன் கடைசியில் அலுத்துப்போய்க் மைதானத்தின் ஓரமாக ஒதுங்கித் திரிந்தான். எங்கள் இடதுபக்கத்துப் பையன் கடைசி நேரத்தில் ஒன்று அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். வென்றோம்.

சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்கினார்கள். எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. வாசிகசாலைத் தலைவர் சிரித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"வலு வடிவான ஆட்டம், தம்பி. எண்டாலும் ஒரு குறை. உங்கடை மாப்பிள்ளை ஏன் இண்டைக்கு வரேல்லை? சுகமில்லையோ?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கோல் அடித்தவனிடம் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அத்தான் குனிந்து வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்காமல் இருந்திருக்க வழியில்லை.

ஆத்திரத்தில் அந்தத் தலைவரைப் பிடித்து இழுத்துவந்து இவரைக் காட்டவேண்டும் போல இருந்தது. ஓர் அடி வைத்தேன்.

"விடு மச்சான்," என்றார் அத்தான். "சொல்லிக் குடுத்து வாற பேர் எனக்கு வேண்டாம்."

முகத்தைத் துடைத்தார். புருவத்தில் இரத்தம் இன்னும் கசிந்தது. கூட்டத்தைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அடுத்த மாட்சுக்கு நான் எங்கை?"

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்கள் கோலுக்குள் அன்று ஒரு பந்தும் போகவில்லை.

"பின்னுக்குத்தான், அத்தான்," என்றேன்.