நான் திருத்திக் கொடுத்த மெமோ

இங்கிலீஷ் டியூஷன்ங்கிறது மத்தவங்க தப்பைத் திருத்திப் பொழைக்கிற பொழப்பு. உங்கள்லயும் யாராவது இதே பாவத்தைப் பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா, என் கஷ்டம் புரியும்.

முதல் வார்த்தை

விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனிக்குப் புது சூளை போட, கொரியாவுலேருந்து 'மின்'னு பேருள்ள ஒருத்தரு மேனேஜரா வந்தாரு. சாயங்காலத்துல மின் சார் என் வூட்டு மாடிக்கு வந்து இங்கிலீஷ் படிப்பாரு. முதல் நாளே, விதியை மீறுறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேட்டாரு. 'வயலேட்'னு சொன்னேன். அவரு வாயில 'பயலேட்'னுதான் வந்துச்சு. கீழுதட்டைக் கடிங்க சார்னு ஒரு வாரம் உயிரை விட்டேன். இதுக்கு என்ன சார் இவ்வளவு அவசரம்னு கேட்டேன். "இங்க எனக்குத் தினமும் தேவைப்படுறது இதுதான் டீச்சர்."

கற்பூரம்

என் தம்பி செல்வத்துக்கு அங்கதான் சூளை வேலை. சலுகை கேக்குற மாதிரி ஆயிடுமேன்னு மின் சார்கிட்ட அதை நான் சொல்லல. எந்தச் சூளையா இருந்தாலும் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வச்சு கற்பூரம் ஏத்துறது இங்க வழக்கம். புது சூளை கேஸ்ல எரியுது, பக்கத்துல வேற நெருப்பே கூடாதுன்னு கம்பெனி விதியாம். ரெண்டு தடவை கண்டிச்சாங்கன்னு செல்வமே சொன்னான். விட்டுத் தொலைடான்னேன். "கும்பிடாம ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா, கூட நிக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்றதுக்கா?"

சிவப்பு மை

ஒரு நாள் மின் சார் ஒரு மெமோ எழுதிக்கிட்டு வந்தாரு. பேரு போடுற இடம் காலி. ஏழாவது விதியை மூணாவது தடவை மீறுனதால வேலையை விட்டு நிறுத்துறோம்னு இருந்துச்சு. கடைசி வரியில, இன்னொரு வாய்ப்பு தரலாமான்னு யோசிக்கிறோம்னும் எழுதியிருந்தாரு. ஆபீஸ் லெட்டரை இப்படி ரெண்டு மனசா எழுதக்கூடாது சார்னு அந்த வரியை அடிச்சேன். ஏழாவது விதி என்னன்னு கேக்கக்கூடத் தோணல, பாவி எனக்கு. அவரு அடிச்ச வரியை விரலால ஒரு தடவை தடவிட்டு, தாளை மடிச்சாரு. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

படிச்சுச் சொல்லு

மறுநாள் மத்தியானமே செல்வம் வந்துட்டான், சட்டையெல்லாம் பீங்கான் தூசியோட. கையில மெமோ. ஒரு எழுத்து மாறாம நான் திருத்துனதேதான், காலி இடத்துல அவன் பேரு. எட்டாவதோட நின்னவன், இதையும் கண்டிப்புன்னுதான் நினைச்சிருந்தான். "இன்னொரு சான்ஸ் தரோம்னு எங்கயாவது போட்டிருக்குதா, பாத்துச் சொல்லுக்கா."

இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூட விடாம நான் திருத்துன தாளு அது ஒண்ணுதான்.