கோடியக்கரை டைம்டேபிள்

வாழ்க்கையில் நான் போட்ட முதல் திட்டம் கோடியக்கரைக்குப் போவது. நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, நேரத்தைச் சிவப்பு மையிலும் ஊரை நீல மையிலும் எழுதிய திட்டம். அதற்குப் பிறகு எத்தனையோ போட்டுவிட்டேன். எல்லாம் அந்த முதல் திட்டம் போன வழியிலேயே போய்ச் சேர்ந்ததால், அதை மட்டும் சொன்னால் போதும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா விவசாயி. அவர் எங்களை வெளியூர் அழைத்துப் போனார் என்றால் அது உரக்கடைக்காக இருக்கும், இல்லையென்றால் மோட்டார் ரிப்பேருக்காக இருக்கும். அப்படிப்பட்ட மனிதர், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், சம்பா அறுப்பு தலைக்கு மேல் கிடக்கையில், ஒரு மத்தியானம் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஞாயித்துக்கெழம கோடியக்கரை போயிட்டு வருவமா? பய பூநாரை பாக்கணும்னு கேட்டுக்கிட்டிருந்தானே."

நான் கேட்டது போன வருஷம். ஒரு சினிமாவுக்குக்கூட ஒன்பது கேள்வி கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிற அம்மா, மோரை ஊற்றிக்கொண்டே "போவோம்" என்றாள். ஒரே வார்த்தை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் ஸ்கேலைத் தேடப் போய்விட்டேன்.

பூநாரை எனக்கு மானப் பிரச்சினை. போன ஜனவரியிலேயே கோடியக்கரை போய் அவற்றைப் பார்த்துவிட்டதாக வகுப்பில் அளந்திருந்தேன். செம்பருத்தி மாதிரி சிவப்பாக இருக்கும், கையில் வைத்துக் கொடுத்தால் பொரி தின்னும் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். சிங்கப்பூரில் அப்பா இருக்கிற ஒருவன் மட்டும் நம்பவில்லை. அவன்தான் தன் பைனாகுலரை ஒரு நாளைக்குக் கொடுத்தான். "இந்தத் தடவையாவது நெசமாப் பாத்துட்டு வா" என்றான். கடன் கொடுத்ததிலும் அவமானம் இருந்தது.

திட்டம் இதுதான். ஐந்தரைக்குப் புறப்பாடு. ஏழுக்கு நாகப்பட்டினம். எட்டுக்கு வேளாங்கண்ணி, பத்து நிமிஷம் கடல். ஒன்பதரைக்கு வேதாரண்யம். பத்துக்குச் சரணாலயம். பத்திலிருந்து நாலு வரை வெளிமான், பூநாரை, மற்றவை. சாயங்காலம் கேட்டை மூடிவிடுவார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்ததை அடியில் பெட்டி கட்டி எழுதியிருந்தேன்.

புறப்பட்டபோது மணி ஏழு இருபது.

அப்பா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுக்கரை வேட்டியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக வந்தார். அம்மா பட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற ஒரு புடவையில் இருந்தாள். மான் பார்க்க ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டேன். அப்பா டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். எங்கள் செகண்ட் ஹேண்ட் வேனின் பின்பக்கம் ஜமக்காளம் போர்த்தி ஒரு மேடு இருந்தது. அதிலிருந்து ஏதோ என் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

"என்னம்மா இது?"

"மானுக்குத் தீனிடா."

சரணாலயத்தில் மிருகங்களுக்குத் தீனி போடக்கூடாது, போட்டால் ஃபைன் என்று நான் விளக்கினேன். "சரிடா, நாமளே தின்னுக்குவோம்" என்றாள் அம்மா.

அதற்கப்புறம்தான் என் பொறுமை சோதிக்கப்பட்டது. ஊர் எல்லையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி நின்றது. ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒதுங்கிப் போனால் போதும். அப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு நாள் காயணும்" என்று நெல்லுக்குச் சொந்தக்காரரிடம் சொன்னார். அவரோ, "தெரியுங்களே, அதான் காயவெச்சிருக்கேன்" என்றார். அதன் பிறகு கொள்முதல் நிலையத்தில் மூட்டை எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்று ஒரு விசாரணை. ஒரு மதகில் இறங்கி, ஓடாத தண்ணீரைப் பார்த்தபடி கால் மணி நேரம். யாருடைய வயலிலோ அறுப்பு மிஷின் சிக்கி நின்றதற்கு இவர் கரையில் நின்று யோசனை சொன்னது அரைமணி நேரம். நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, எதிரே தாமதத்தைக் குறித்தேன். நாகப்பட்டினம் வருவதற்குள் ஒன்பது நிறுத்தம். சிவப்பு மை தீர்ந்துவிட்டது.

ஏழாவது நிறுத்தத்தில் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "என்னங்க, நெல்லுன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருச்சா? வண்டிய எடுக்கிறீங்களா, இல்ல நான் பஸ்ஸுல போயிறட்டுமா?" என்றாள். அம்மாவுக்குப் பூநாரை மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

நாகப்பட்டினத்தைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பெயரை நம்பிப் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தச் சாலையில் கடலைத் தவிர எல்லாம் தெரிந்தது. சவுக்குத்தோப்பு, கருவேலங்காடு, இறால் குட்டை, மறுபடி சவுக்குத்தோப்பு. வேளாங்கண்ணிக் கடலையும் "திரும்பும்போது பாத்துக்கலாம்" என்று அப்பா தாண்டிவிட்டார். வயலே இல்லாத அந்த ரோட்டிலும் அவருக்கு நிற்கக் காரணம் கிடைத்தது. மூன்று இடத்தில் டீ. டீ குடித்தால் நெஞ்செரிச்சல் என்பவர்.

வேதாரண்யத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கம் ஒரு சின்ன ரோடு பிரிந்தது. வண்டி அதைத் தாண்டிப் போனது.

"தாண்டிட்டீங்க" என்றாள் அம்மா.

"இல்லையே. நேராத்தான் போகணும்." நான் நோட்டை விரித்துக் காட்டினேன். "வேதாரண்யம் நேரா இருக்கு. எட்டே கிலோமீட்டர்."

"பய சரியாத்தானே சொல்றான்" என்றார் அப்பா. அன்று முழுவதும் அவர் குரலில் உற்சாகம் வந்தது அப்போதுதான். வேகத்தைக்கூடக் கூட்டினார்.

"திருப்புங்க" என்றாள் அம்மா. மோர் ஊற்றும்போது சொன்ன அதே குரல்.

வண்டி திரும்பியது. மணல் ரோடு, வேலி நெடுகக் காயும் வலை, மீன் வாசனை. கடைசியாக ஓர் ஓட்டு வீட்டுக்கு இருபதடி முன்னாலேயே அப்பா வண்டியை நிறுத்தினார். வாசலில் ஓர் அம்மாள் பாயில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இறங்கி, வேன் முன்பக்க மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டார். "ரேடியேட்டர் சூடாயிருச்சு. அந்த வீட்டுல கொஞ்சம் தண்ணி கிடைக்குமான்னு கேளு" என்று குரல் மட்டும் அம்மாவைத் தேடி வந்தது.

மணி பன்னிரண்டு பத்து. நான் விடுவேனா? எனக்கு வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும்.

"அப்பா, சூடே இல்ல! மீட்டர் முள்ளு நடுவுலதான் நிக்குது! தண்ணி வேணும்னாலும் பின்னாடி கேன்ல இருக்கு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன். பின்கதவைத் திறந்தேன். கேன் ஜமக்காளத்துக்கு அடியில் இருந்தது. ஜமக்காளத்தை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

பாதியாக வெட்டிக் கட்டிய கரும்பு. இலையோடு மஞ்சக்கொத்து. புதுப் பானை, பச்சரிசி மூட்டை, வெல்லம், ஒரு தார் வாழைப்பழம், கடைப்பையில் புடவை. எங்கள் வீட்டுக்கு மாமா வருஷா வருஷம் கொண்டுவருகிற பொங்கல் சீர், ஒன்று குறையாமல். அதை மானுக்குக் கொடுப்பானேன் என்று நான் திகைத்து நிற்கையில், நெத்திலிக்காரம்மாள் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றாள். வண்டிக்குள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முன்பக்கம் தலையை விட்டுக்கொண்டு நிற்கிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

"ஏண்ணே, ரேடியேட்டருக்கு மஞ்சக்கொத்து எதுக்கு?"

உள்ளே அப்பாவின் தலை மூடியில் இடித்த சத்தம் கேட்டது.

அவர் வெளியே வரவில்லை. அந்த அம்மாள் என் அம்மாவிடம் திரும்பினாள். "கரும்ப இப்படி ரெண்டா வெட்டியா அண்ணி கொண்டாருவாங்க?"

"வேணாம்னு நான் சொன்னேன். நீட்டிக்கிட்டிருந்தா ஊரே பாக்கும்னுட்டு வெட்டுனது உங்கண்ணன்தான்."

"பாத்தா என்னவாம்?" இந்தக் கேள்வி அப்பாவுக்கு. அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தால், அத்தனையும் அப்படியே வீடு திரும்பியிருக்கும். அப்பா ஒருவழியாகத் தலையை வெளியே எடுத்தார். நெற்றியில் கிரீஸ்.

"அடுத்த வருஷம் முழுசாக் கொண்டாரேம்மா."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கையில் இருந்த மீன் செதில் கன்னத்தில் ஒட்டி மினுங்கியது. "பானைய மொதல்ல எறக்குங்க. ஒடைஞ்சிறப் போவுது" என்றாள். அப்புறம் என் காதைப் பிடித்துத் திருகி, "அப்படியே அண்ணன் காது. வாடா மருமவனே" என்றாள்.

"இவங்க யாரும்மா?"

"ஒன் அத்தைடா."

எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை. அவள் தானாகப் பார்த்து ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டாள், இனி எங்கள் வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் என் அப்பாதான் என்பதெல்லாம் மீசை முளைத்த பிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு என் பார்வையில் அது பதின்மூன்றாவது நிறுத்தம். "சரி, அடுத்து வேதாரண்யம்தானே?" என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தையின் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தார். அப்பாவைப் பார்த்து வாசலிலேயே நின்றவர், பிறகு கையிலிருந்த பெரிய வஞ்சிரத்தை உயர்த்திக் காட்டி, "நல்ல நாளாத்தான் பாத்து வந்திருக்கீங்க மச்சான்" என்றார். அது வெட்டி, குழம்பு கொதித்து, இலை போட்டு, அப்பா மூன்று தடவை சோறு வாங்கியபோது மணி நாலு. நான் அழ ஆரம்பித்தேன். அந்த மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்த் தெற்கே கையைக் காட்டினார். "அந்தா, அங்கதான் மருமவனே ஒன் பூநாரை." பைனாகுலரில் எவ்வளவு திருகியும் தண்ணீர்தான் தெரிந்தது. கிளம்பும்போது அத்தை ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். வைக்க இடமில்லாமல் பைனாகுலர் பைக்குள் வைத்தேன். மறுநாள் சிங்கப்பூர்க்காரன் பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பூநாரை இந்த வாசனையா அடிக்கும்?" என்றான். அடிக்கும் என்று சாதித்தேன்.

ஆனால் அன்றைக்கு என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது திரும்பி வந்த பயணம்தான். வேளாங்கண்ணியில்கூட நிற்கவில்லை. காலையில் இறங்கிய மதகு, கொள்முதல் நிலையம், மிஷின் நின்ற வயல் எல்லாம் ஜன்னலில் சர்சர்ரென்று போயின. அப்பா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் காய்ந்த நெல்லை மட்டும் பதமாக ஒதுங்கிப் போனார். ஒன்றரை மணி நேரத்தில் நன்னிலம் வந்துவிட்டது. என் டைம்டேபிளைவிட வேகம்.

"காலைல இப்படி ஓட்டியிருந்தா நான் பூநாரை பாத்திருப்பேன்ல?" என்று கத்தினேன்.

"காலைல ரோடு சரியில்லடா" என்றார் அப்பா.

காலையில் போனதும் சாயங்காலம் வந்ததும் ஒரே ரோடுதான் என்று நோட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை வாதாடினேன்.